ஏரும் எழுதுகோலும்: இல்லறத்தார் தொழிலும் கொல்லாமையும்

கொல்லாமை அறத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுகிறோம். புலால் மறுத்தல், தேன் விலக்கல், இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகியவையே நம் இல்லங்களில் குழந்தைகளுக்கு முதன்முதலில் கற்பிக்கப்படும் ஒழுக்கங்கள். இவை போற்றத்தக்கன, நம் சமூகம் சிறுத்தும் இன்றளவும் தன் அடையாளத்தை இழக்காது நிற்பதற்கு இவையே காரணம். ஆயினும் ஒருவர் உண்பதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றில் ஒரு மணிக்கும் குறைவு. தொழிலுக்குச் செலவிடும் நேரமோ எட்டு மணி, பத்து மணி. இலையில் விழும் சோற்றை ஆராயும் நாம், அச்சோற்றை ஈட்டித் தந்த தொழிலை அவ்வளவு ஆராய்வதுண்டா?

இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. நம்மவர் குடும்பங்கள் இரண்டினிடையே பேசப்பட்டுவந்த திருமணம் ஒன்று நின்றுபோயிற்று. அப்பேச்சில் நாமும் இடையிருந்தோம். பிள்ளை வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் ஐந்து ஏக்கர் நிலம் வைத்துப் பயிர் செய்பவர். நெல்லும் மணிலாக்கொட்டையும் அவர் விளைவிப்பன. பெண்ணின் தந்தையார் நல்ல சிராவகர். நாள்தோறும் ஜினாலயம் செல்பவர். அவர் சொன்ன காரணம் இது: "ஏர் ஓட்டுகிறவர் நாளும் புழு பூச்சிகளைக் கொல்கிறார், மருந்தும் அடிக்கிறார். பேனா பிடிக்கிற பிள்ளையாக இருந்தால் அந்தப் பாவம் இல்லை பாருங்கள்." பின்னர் அப்பெண்ணுக்கு நகரத்தில் வங்கிப் பணியிலுள்ள ஒருவர் மணமகனாக அமைந்தார். அவர் பார்க்கும் பணி, கோழிப் பண்ணைகள் அமைப்பதற்குக் கடன் வழங்கலாமா எனக் கணக்கிட்டுப் பரிந்துரைப்பது. அதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் கேட்டிலர்.

செய்தியைக் கேட்ட உழவரின் தாயார் நம்மிடம் ஒன்றே ஒன்று வினவினார்: "அப்படியென்றால் அவர்கள் வீட்டு அரிசி எங்கிருந்து வருகிறது, ஐயா?" அன்று நாம் விடை கூறாமல் திரும்பினோம். அவ்வம்மையாருக்கு நாம் பட்ட கடனாகவே இக்கட்டுரையைக் கருதுகிறோம்.

ஆதிபகவன் கற்பித்த ஆறு

தொழில் என்பது நம் சமயத்தில் அறத்திற்குப் புறம்பான ஒன்றாக வந்ததன்று. போகபூமிக் காலம் முடிந்து, கற்பக மரங்கள் மறைந்து, மக்கள் பசியால் வாடி நாபிராயரின் திருமகனாரிடம் வந்து முறையிட்டனர். அப்போது விருஷபதேவர் அவர்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்று ஆதிபுராணம் கூறும். நம் ஸ்ரீபுராணமும் அதனை வழிமொழியும். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிச்சியம், சிற்பம் என்பன அவை. வாளேந்திக் காத்தல், எழுத்துப் பணி, உழவு, கலைகளைக் கற்றலும் கற்பித்தலும், வணிகம், கைவினை என நாம் இவற்றைத் தமிழில் கூறலாம்.

இப்பட்டியலில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. எழுதுகோலும் ஏரும் ஒரே திருவாயால், ஒரே நாளில், ஒரே காரணத்திற்காகக் கற்பிக்கப்பட்டன. ஒன்று தூயது, மற்றொன்று மாசுடையது என்ற வேறுபாடு அங்கே இல்லை. வாளும்கூட அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளது. பசியால் துன்புறும் உயிர் பசியோடு மடிவதே அறம் என்று ஆதிபகவன் கூறவில்லை. வாழ்வதற்கு வழி காட்டிய பின்னரே வீட்டுக்கு வழி காட்டினார்.

எனினும் வட நாட்டுச் சமணருள் பலர் காலப்போக்கில் உழவைக் கைவிட்டு வணிகத்திற்குச் சென்றனர். நிலத்தைக் கிளறுவதால் எண்ணற்ற உயிர்கள் மடிகின்றன என்ற அச்சம் அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. பாலன்பூர்ச் சமணர்கள் வைர வணிகத்தில் உலகப் புகழ் பெற்றமையை நாம் அறிவோம். ஆனால் தமிழ்நாட்டில் நாமும், கருநாடகத்திலும் தென் மராட்டியத்திலும் உள்ள நம் திகம்பரச் சகோதரர்களும் ஏரை விட்டிலோம். பெல்காம், கோலாப்பூர், சாங்கலிப் பகுதிகளில் இன்றும் சமணர் கரும்பும் சோளமும் பயிரிடுகின்றனர். திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு வட்டாரங்களில் நம் முன்னோர் உழுதே உண்டனர்; உழுதே ஜினாலயங்களை எழுப்பினர்; உழுதே முனிவர்களுக்கு ஆகாரதானம் அளித்தனர். அவர்கள் அறமறியாதவர்களா? அவர்கள் விளைத்த நெல்லன்றோ நம் மடத்திலும் கோயில்களிலும் அமுதாயிற்று?

மீன் பிடிப்பவனும் உழுபவனும்

நம் ஆசாரியர்கள் இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டனர். இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை அவர்கள் நான்காகப் பகுத்தனர். கொல்லவேண்டும் என்று எண்ணியே கொல்லுதல் சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல், வீடு கட்டுதல் போன்ற இல்லற வினைகளில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழில் செய்யுங்கால் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க எதிர்த்து நிற்குங்கால் நேர்வது விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் துறக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற மட்டும் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி.

ஸோமதேவசூரி கி.பி. 959இல் இயற்றிய யசஸ்திலகம் என்னும் நூலில் ஓர் அரிய ஒப்புமை காணப்படுகிறது. வலையுடன் கரையில் நிற்கும் மீன் பிடிப்பவன் அன்றைக்கு ஒரு மீனும் பிடிக்காமற் போகலாம். ஆயினும் அவன் வினைக்கு ஆளாகிறான். உழவனின் கொழுமுனையில் பல உயிர்கள் மடியலாம். ஆயினும் அவன் அவ்வாறு ஆளாவதில்லை. இருவரையும் வேறுபடுத்துவது உள்ளத்து நாட்டமே என்பது அந்நூலாசிரியர் கருத்து. ஒருவன் உயிரின் இறப்பை நாடி நிற்கிறான். மற்றவன் பயிரின் பிறப்பை நாடி நிற்கிறான்.

இக்கருத்து உழவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இதனை ஆறுதலாக மட்டும் கொண்டு நின்றுவிட்டால் நாம் ஆசாரியரின் உள்ளத்தை அறிந்தவராகோம். "என் மனத்தில் கொல்லும் எண்ணம் இல்லை, ஆதலின் எனக்குப் பாவம் இல்லை" என்று கூறி எத்தொழிலையும் எவ்வாறும் செய்யலாமா? உமாசுவாமி ஆசாரியர் இம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்றே கூறினார். எண்ணம் இல்லாதிருந்தால் மட்டும் போதாது, விழிப்பும் வேண்டும். பார்க்காமல் நடந்தவன் "மிதிக்க எண்ணவில்லை" என்று கூறி நீங்கிவிட முடியாது. பார்த்திருக்கலாம் அன்றோ? உழவனை விடுவிக்கும் அதே இலக்கணம், விழிப்பற்ற உழவனைப் பிடித்து நிறுத்தவும் செய்கிறது.

தொலைவு தூய்மை ஆகுமா?

இனி எழுதுகோலுக்கு வருவோம். அலுவலகத்தில் மேசை முன் அமர்ந்திருப்பவர் கையில் குருதி படிவதில்லை. காலடியில் மண்புழு நெளிவதில்லை. ஆதலின் அவர் தொழில் தூயது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் நம் சமயம் வினையை அளக்கும் கோல் வேறு. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றினாலும், தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என்னும் மூவகையாலும் வினை நம்மை வந்தடையும். மூன்றையும் மூன்றால் பெருக்க ஒன்பது வாயில்கள் ஆயின. இவற்றுள் தான் செய்தல் ஒன்றே கண்ணுக்கு எளிதில் தெரிவது. செய்வித்தலும் உடன்படுதலும் தாளிலும் கையொப்பத்திலும் மறைந்து நிற்பவை. இக்காலத் தொழில்களுட் பெரும்பாலானவை இவ்விரண்டு வாயில்களின் அருகிலேயே அமைந்துள்ளன.

பண்டைய சிராவகாசார நூல்கள் இல்லறத்தார் விலக்க வேண்டிய கடுந்தொழில்கள் என்று பதினைந்தைக் கூறுவதுண்டு. மரத்தைச் சுட்டுக் கரி செய்தல், காட்டை வெட்டி விற்றல், தந்தம், அரக்கு, நஞ்சு முதலியவற்றை விற்றல், விலங்குகளுக்குக் காயடித்தல், காட்டுக்குத் தீயிடுதல், ஏரி குளங்களின் நீரை வற்றச் செய்தல் போன்றவை அவற்றுள் அடங்கும். இவற்றுட் பலவற்றில் வணிகனும் உளன் என்பதை நோக்க வேண்டும். தந்தம் விற்பவன் யானையைக் கொல்வதில்லை. நஞ்சு விற்பவன் யாருக்கும் அதை ஊட்டுவதில்லை. ஆயினும் அவ்வாணிகம் விலக்கப்பட்டது. கொலைக்களத்திலிருந்து எத்தனை காதம் தள்ளி அமர்ந்திருக்கிறாய் என்று ஆசாரியர்கள் கேட்கவில்லை. உன் ஊதியம் எதன்மேல் நிற்கிறது என்றே கேட்டனர்.

புலால் மறுத்தலைப் பாடவந்த வள்ளுவரும் இதே நோக்கினர். உண்பதற்காக வாங்குவார் இல்லையெனின் விலைக்காகக் கொன்று விற்பாரும் இலர் என்பது அவர் காட்டும் தருக்கம். வாங்குபவனையும் விற்பவனையும் ஒரே கயிற்றில் கட்டி அவர் காட்டிய பின்னர், கசாப்புக் கடைக்காரனை மட்டும் இழித்துரைக்க நமக்கு என்ன உரிமை உளது? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கி நிற்கும் ஏழைத் தொழிலாளி, வேறு தொழில் கிட்டாமையால் அங்கே நிற்கிறான். அவன் பதனிட்ட தோலால் ஆன செருப்பையும் கைப்பையையும் இடைவாரையும் விரும்பி வாங்கும் நமக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. ஒன்பது வாயில்களையும் எண்ணிப் பார்ப்பின், அவனைக் குறைகூறும் வாய் தானே அடங்கும்.

கொலைத் தொழிலாளன் காட்டிய வழி

இவ்விடத்தில் நாம் அனைவரும் சிறுவயதில் கேட்டும் முழுதாக எண்ணிப் பாராத கதை ஒன்றை நினைவுகூர வேண்டும். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஐந்து அணுவிரதங்களுக்கும் ஐவரை எடுத்துக்காட்டாக நிறுத்தினார். கொல்லாமை விரதத்துக்கு அவர் யாரைத் தேர்ந்தார்? ஓர் அரசனையா? ஒரு வணிகச் செல்வனையா? இல்லை. மரண தண்டனையை நிறைவேற்றுவதையே பிழைப்பாகக் கொண்ட யமபாலன் என்னும் சண்டாளனைத் தேர்ந்தார்.

உரையாசிரியர் பிரபாசந்திரர் கூறும் கதை இது. போதனபுரத்தில் மகாபலன் என்னும் மன்னன் இருந்தான். நந்தீசுவர அஷ்டாஹ்நிகப் பெருவிழாவின் எட்டு நாள்களிலும் நாட்டில் உயிர்க்கொலை கூடாது என்று அவன் ஆணையிட்டான். அவன் மகனே அவ்வாணையை மீறி ஆடொன்றைக் கொன்று தின்றான். மன்னன் மகனென்றும் பாராது கொலைத் தண்டனை விதித்தான். அதனை நிறைவேற்ற யமபாலனை அழைத்துவர ஏவலர் சென்றனர். அன்று சதுர்த்தசி. யமபாலனோ முன்பு ஒரு முனிவரிடம், சதுர்த்தசி நாளில் எவ்வுயிரையும் கொல்லேன் என்று விரதம் ஏற்றிருந்தான். ஏவலர் வருவதைக் கண்டு வீட்டின் மூலையில் ஒளிந்துகொண்டு, தான் ஊரில் இல்லை எனக் கூறுமாறு மனைவியிடம் சொன்னான். "அரசகுமாரன் அணிந்துள்ள பொன்னெல்லாம் அவனுக்குக் கிடைத்திருக்குமே" என்று ஏவலர் கூறக் கேட்ட மனைவி, வாயால் இல்லை என்று கூறிக்கொண்டே கையால் அவன் இருக்குமிடத்தைக் காட்டினாள். மன்னன் முன் நிறுத்தப்பட்டபோதும் யமபாலன் விரதத்தை விடவில்லை. சினமுற்ற மன்னன் இருவரையும் கட்டி முதலைகள் நிறைந்த நீர்நிலையில் எறியச் செய்தான். விரதத்தின் ஆற்றலால் யமபாலனைத் தேவதைகள் காத்து அரியணையில் ஏற்றிச் சிறப்புச் செய்தன.

இக்கதையைக் கேட்கும் இளைஞர் ஒருவர் உடனே கேட்கக்கூடிய வினா ஒன்றுண்டு. சதுர்த்தசியில் கொல்லாதவன் மற்ற நாள்களில் கொன்றான் அன்றோ? அவனை எவ்வாறு கொல்லாமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம்?

வினா நேரியது, மழுப்பக்கூடாதது. ஆம், மற்ற நாள்களில் அவன் கொன்றிருப்பான். அதன் வினைப்பயனை அவன் துய்த்தே தீர வேண்டும். கதை அதனை மறைக்கவில்லை. அவன் தொழிலைச் சிறந்ததென்றும் கூறவில்லை. ஆயினும் அவன் நம்முட் பலர் செய்யாத ஒன்றைச் செய்தான். தன் பிழைப்பின் நடுவே ஒரு கோடு கிழித்தான். அக்கோட்டைக் காக்கப் பொன்னை இழந்தான்; அரசன் அருளை இழந்தான்; உயிரையும் இழக்கத் துணிந்தான். தொழிலுக்கு வெளியே அறம் காத்தல் எளிது. கோயிலில், உணவில், விழா நாளில் அதனைக் காக்க நமக்கு யாதொரு இழப்பும் இல்லை. ஊதியம் தரும் இடத்தில் அறத்தைக் காப்பதற்கே விலை கொடுக்க நேர்கிறது. சமந்தபத்திரர் விலை கொடுத்தவனைத் தேர்ந்தார்.

வாய்மை விரதத்துக்கு அவர் காட்டியவன் தனதேவன் என்னும் வணிகன். சாட்சியோ ஓலையோ இன்றிக் கூட்டாளியோடு வாய்மொழியாகச் செய்த உடன்பாட்டில் பொய்யுரையாது நின்றவன் அவன். அங்கும் அறம் சோதிக்கப்பட்ட இடம் தொழிலே என்பது எண்ணத்தக்கது.

இன்றைய தொழில்களும் இன்றைய கோடுகளும்

இவ்வொளியில் நம் காலத்துத் தொழில்களை நோக்குவோம்.

முதலில் உழவு. நம் வட்டாரத்தில் மானாவாரி மணிலாவுக்குப் பெரும்பகை சிவப்புக் கம்பளிப்பூச்சி. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடப்பது, கோடைக்குப் பின்வரும் முதல் நல்ல மழையில் அந்துப்பூச்சியாக வெளிவரும். அதன் புழுக்கள் கூட்டம் கூட்டமாக வயல்விட்டு வயல் சென்று இலை முழுவதையும் தின்று தீர்க்கும். ஓர் ஆண்டு விளைச்சல் சில நாள்களில் போய்விடும். பூச்சிக்கொல்லி தெளித்தால் புழு மட்டுமன்றித் தேனீயும் தவளையும் மண்புழுவும் மடிகின்றன. தெளிப்பவரின் நுரையீரலும் கெடுகிறது. இத்தகைய நஞ்சுகளுள் ஒன்றான எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. ஒன்றும் செய்யாது விட்டால் குடும்பம் பட்டினி. இதற்கு முழுத்தூய்மையான விடை கிடையாது. ஆனால் குறைந்த இம்சையுள்ள விடைகள் உண்டு. வயலைச் சுற்றி வாய்க்கால் போல் பள்ளமெடுத்துப் புழுக்கள் உள்ளே வராமல் தடுக்கலாம். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தால் பல பூச்சிகள் அவ்விலையைத் தின்ன மறுத்து விலகும். இயற்கை வேளாண்மைக்காக உழைத்து 2013இல் மறைந்த நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று கூறியவற்றில் நம் சமயத்தாருக்குப் புதியது அதிகமில்லை. ஆனால் நாம் முன்னின்று செய்திருக்க வேண்டியதை அவர் செய்தார்.

நாம் மேலே கூறிய உழவர் வீட்டில் ஒரு வழக்கமுண்டு. அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் அவர்கள் ஏர் பூட்டுவதில்லை. இப்போது டிராக்டரும் இறக்குவதில்லை. கேட்பதற்கு இது எளியதாகத் தோன்றும். மானாவாரி நிலத்தில் மழை பெய்தால் ஈரம் காயுமுன் விதைத்தாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் முளைப்பு குறையும். வாடகை டிராக்டர் நம் நாளுக்குக் காத்திராது. "சதுர்த்தசியில் மழை பெய்து ஈரம் காய்ந்துபோன ஆண்டுகளும் உண்டு, ஐயா. அப்பா வைத்த வழக்கம், விடவில்லை" என்று அவர் நம்மிடம் கூறினார். யமபாலன் கிழித்த அதே கோடு, அதே நாளில், ஐந்து ஏக்கர் நிலத்தில் இன்றும் கிழிக்கப்படுகிறது.

அடுத்து நெசவு. ஆரணியும் காஞ்சியும் நமக்கு அயலூர்கள் அல்ல. கூட்டிலுள்ள புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தால் நீண்ட இழை அறுந்துவிடும். ஆதலின் அதற்கு முன்பே ஆவியிலோ சூடான காற்றிலோ அதனைக் கொன்றுவிடுவர். ஒரு புடவைக்குப் பல ஆயிரம் கூடுகள் வேண்டும். இதைச் செய்பவர் கொடியவர் அல்லர். உடுத்துபவரும் அறிந்து கொல்பவர் அல்லர். குடியரசுத் தலைவராயிருந்த ரா. வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாது பட்டு நெய்ய இயலாதா என்று கேட்டார். ஆந்திரக் கைத்தறி நிறுவனத்தில் பணியாற்றிய குசுமா ராஜய்யா என்பவர் அவ்வினாவை உள்ளத்தில் ஏற்றார். பூச்சி வெளியேறிப் பறந்த பின் எஞ்சிய கூட்டைப் பஞ்சுபோல் நூற்று நெய்யும் முறையைப் பல ஆண்டுகள் முயன்று செப்பம் செய்தார். அப்பட்டு பளபளப்பில் சற்றுக் குறைந்தது, விலையில் மிகுந்தது. ஆயினும் அகிம்சைப் பட்டு என்னும் பெயரால் இன்று அது கிடைக்கிறது. தாம் செய்த தொழிலுக்குள்ளேயே நின்று ஒருவர் எழுப்பிய மாற்று அது. நம் இல்லத் திருமணங்களில் இதனை விரும்பிக் கேட்டவர் எத்தனை பேர்?

நம் பிள்ளைகளுட் பலர் உயிரியல் பயின்று மருந்தாய்வுக் கூடங்களுக்குச் செல்கின்றனர். அங்கே எலியும் முயலும் சோதனைக்கு உள்ளாகின்றன. அம்மருந்தால் மனித உயிர்கள் பிழைக்கின்றன என்பதும் மெய். இங்கும் காலம் சற்றே நல்வழியில் திரும்பியுள்ளது. அழகுப் பொருள்களை விலங்குகள்மேல் சோதிப்பது நம் நாட்டில் 2014இல் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் வகுப்புகளில் உயிர்களை அறுத்துக் கற்பிப்பதை நிறுத்தப் பணித்தது. புதிய மருந்துகளின் ஆய்வில் விலங்குச் சோதனைக்கு மாற்றான முறைகளை 2023ஆம் ஆண்டு விதித் திருத்தம் ஏற்றுக்கொண்டது. நம் பெண்ணோ பிள்ளையோ அத்துறையில் இருப்பின், அதைவிட்டு ஓடுவதே வழி என்று நாம் கூறோம். மாற்று முறைகளைக் கற்று அவற்றை வற்புறுத்தும் ஒருவர் அங்கே இருப்பது, ஒருவரும் இல்லாதிருப்பதினும் மேலானது.

கருணையையே தொழிலாகக் கொண்டவர்க்கும் கோடு தேவைப்படுகிறது. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திரில் பறவைகளுக்கென ஒரு மருத்துவமனை உண்டு. சிறகொடிந்த புறாவுக்கும் கிளிக்கும் கட்டணமின்றி மருத்துவம் செய்வதே அங்குள்ளோரின் அன்றாடப் பணி. காயமுற்ற பருந்து வந்தால் என் செய்வது? அதற்கு ஊன் ஊட்டவும் இயலாது. விரட்டவும் மனம் இல்லை. ஆதலின் ஊனுண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைக்காமல் புறநோயாளிகளாகக் கருதி மருந்திட்டு அனுப்புவதை அவர்கள் வழக்கமாகக் கொண்டனர். இது முழுமையான தீர்வன்று. ஆயினும் விழிப்போடு எண்ணி அடைந்த தீர்வு.

வங்கிப் பணியிலுள்ள அந்த மணமகனையும் நாம் குறைகூற எழுதவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டால் அவ்விடத்தில் வேறொருவர் அமர்வார். ஆயினும் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டல் அவரால் இயலும். அதனால் பதவி உயர்வு சற்றுத் தள்ளிப்போகலாம். அந்தத் தள்ளிவைப்புதான் அவர் செலுத்தக்கூடிய விலை. சதுர்த்தசியில் காய்ந்துபோகும் ஈரம் உழவருக்கு எதுவோ, அதுவே இது அவருக்கு.

ஒருநாள் இறக்கிவைக்க வேண்டிய சுமை

சிராவகருக்குரிய பதினொரு படிநிலைகளுள் எட்டாவது ஆரம்பத் தியாகம். உழவு, வணிகம் முதலிய தொழில்களை எல்லாம் ஒருவர் நிறுத்திவிடும் நிலை அது. பத்தாவது அனுமதித் தியாகம். பிறர் செய்யும் தொழிலுக்கு "ஆகட்டும்" என்று இசைவு தருவதையும் விட்டுவிடும் நிலை அது. இவ்விரண்டையும் எண்ணுங்கால் நம் சமயம் தொழிலை எவ்வாறு கருதிற்று என்பது தெளிவாகும். தொழில் இல்லறத்தான் சுமந்தே தீர வேண்டிய சுமை. ஆனால் என்றேனும் இறக்கிவைக்க வேண்டிய சுமை. இறக்கிவைக்கப் போகும் ஒன்றில் பெருமை பாராட்டவும் இடமில்லை. பிறர் சுமையைக் காட்டி இழிவுரைக்கவும் இடமில்லை.

ஆதலின் திருமணப் பேச்சிலும் பிள்ளைகளின் படிப்பைத் தேர்வதிலும் "இத்தொழில் தூயதா?" என்ற ஒரு வினாவோடு நாம் நின்றுவிடுதல் ஆகாது. ஊதியம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்போம். குறைக்கக்கூடிய இம்சை எது என்று கேட்போம். தொழிலுக்குள் இவர் கிழித்துள்ள கோடு எது, அதற்காக எதை இழந்தார் என்று கேட்போம். கொலையையே நாடி நிற்கும் தொழிலை முற்றிலும் விலக்குவோம். அத்தகைய தொழிலில் வறுமையால் அகப்பட்டவரை வெறுக்காமல், அவர் வெளிவர உதவுவோம். ஏனைய தொழில்களில் இருப்போர் ஒவ்வொருவரும் வரும் பர்யூஷண நாள்களில் உணவுக்கு ஒரு விரதம் ஏற்பதுபோல் தம் தொழிலுக்கும் ஒரு விரதம் ஏற்கலாம். அது சிறியதாக இருப்பினும் குற்றமில்லை. யமபாலன் ஏற்றதும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் ஒரே நாள்தான்.

அவ்வம்மையாருக்கு இப்போது நாம் விடை கூறுவோம். அம்மா, அவர்கள் வீட்டு அரிசி தங்கள் மகனைப் போன்ற ஒருவர் உழுத நிலத்திலிருந்தே வருகிறது. அதன் விளைவில் அடங்கிய வினையில் உண்ணும் நம் அனைவருக்கும் பங்குண்டு. சதுர்த்தசியன்று ஈரத்தை இழந்தும் ஏரை நிறுத்திய புண்ணியம் மட்டும் தங்கள் இல்லத்திற்கே உரியது. அன்றே இதைக் கூறாது வந்தமைக்காக எம்மைப் பொறுத்தருள்க.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!